ஈகையும் உலகத் துயரும்

தானஞ் செய்தல் அறங்களுள் தலையாயது என்பதனை நம் நூல்கள் யாவும் ஒருமுகமாக உடன்பட்டுக் கூறும். அதனை மறுப்பார் ஒருவருமிலர். ஆயினும், தானத்தால் உலகத் துயர் ஒழியுமோ என்று வினவினால், ஒழியும் எனத் துணிந்து கூறுதற்கு எவர்க்கும் நா எழுவதில்லை. எம்மிடம் சித்தாந்த நூல் பாடங் கேட்க வரும் இளைஞரொருவர் இவ்வினாவை வேறொரு முகத்தால் எழுப்பினார். “ஐயா, நாம் வயிறார உண்டு, மின்விசிறியின் கீழ் அமர்ந்து, எஞ்சியதில் ஒரு சிறிதெடுத்துத் திங்கள்தோறும் அன்னதானத்துக்குக் கொடுக்கின்றோம். இதனால் உலகத்தார் துயர் குறைகின்றதா? அன்றி நம் நெஞ்சின் உறுத்தல் மட்டும் குறைகின்றதா?” என்பது அவர் கேட்டது. வினா கூரியது. ஓய்வூதியம் பெற்று மூன்று வேளையும் தவறாதுண்ணும் எம்போல்வார்க்கு அது பின்னும் கூரியது. ஆதலின் அதனை ஈண்டு ஒருவாறு ஆராயப் புகுகின்றாம்.

யாம் வாழும் நாமக்கல் நாடு இக்காலத்தே வளமுடையது. சரக்கு லாரிகளும், கோழிப் பண்ணைகளும், திருச்செங்கோட்டிலிருந்து பாரத நாடெங்கும் சென்று ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளும் இந்நாட்டிற்குப் பெயரும் பொருளும் தந்துள்ளன. இங்கே அன்னதானம் நிகழாத திருவிழா இல்லை. பந்தியில் இலைக்கு ஆள் தேடவேண்டிய நாள்களும் உண்டு. இவ்வளத்தினிடையே இருந்துகொண்டு ஈகையின் ஆற்றலை அளந்தறிதல் அரிது. அதனை அறிய விரும்புவார் இதே நிலத்தை ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் கொண்டுபோய் நிறுத்திப் பார்த்தல் வேண்டும்.

நாமக்கல் அப்போது சேலம் ஜில்லாவின் ஒரு தாலூகா. 1876-இல் தாது வருடம் பிறந்தது, மழை பொய்த்தது. அடுத்த ஈசுவர வருடத்திலும் துயர் தீரவில்லை. கம்பும் சோளமும் விளைந்த புன்செய்க் காடுகள் கருகின. எம் பாட்டனார் தம் தந்தையார் வாய்க்கேட்டனவாகச் சொல்லுவன சிலவுண்டு: நாகதாளிப் பழத்தையும் காட்டுக் கிழங்கையும் தின்றமை, எறும்புப் புற்றைக் கிளறித் தானிய மணி பொறுக்கினமை, பிள்ளையைச் சத்திரத்து வாயிலில் விட்டுவிட்டுத் தாய் திரும்பிப் பாராமல் நடந்தமை. இவை கதையாகத் தோன்றலாம். கணக்கு கதையன்று. 1871-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கிற் சேலம் ஜில்லாவில் இருந்தோர் 19,66,995 பேர். 1881-ஆம் ஆண்டுக் கணக்கில் இருந்தோர் 15,99,595 பேர். இடையிற் குறைந்த மூன்றரை இலக்கத்துக்கு மேற்பட்டோரில் இறந்தாரும், ஊர்விட்டுப் போனாரும், பிறவாதே போனாரும் அடங்குவர். ஐவர்க்கு ஏறக்குறைய ஒருவர் என்னும் அளவிற்று அக்குறை.

அக்காலத்தே ஈவார் இல்லையோ எனின், இருந்தனர். சத்திரங்களிற் கஞ்சி வார்த்தனர். திண்ணையிற் கூழ்ப்பானை வைத்தனர். இலண்டன் மாநகரத்தாரும் நிதி திரட்டி அனுப்பினர். அவர் கொடையைக் குறைத்துக் கூறுதல் எம் கருத்தன்று. ஆனால் அதே காலத்தில், 1877 ஜனவரி முதல் நாளன்று, தில்லியில் விக்டோரியா இராணிக்குப் பேரரசிப் பட்டஞ் சூட்டிய பெருந் தர்பாரும் நிகழ்ந்தது. சேலத்தின் வழியே இருப்புப்பாதை முன்னரே அமைந்திருந்தது. தானியம் அதில் ஓடிற்று. வாங்குதற்குக் காசில்லாதார் அதனைப் பார்த்துக்கொண்டிருந்தனர். கடல் கடந்து இங்கிலாந்துக்குக் கோதுமை செல்வதும் நிற்கவில்லை. நிவாரண வேலை செய்த ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் சிறிது காசும் போதுமென்று ரிச்சர்டு டெம்பிள் துரை வரையறுக்க, அது உயிர் தாங்குதற்குப் போதாதென்று சென்னை மாகாணத்துச் சுகாதார அதிகாரியாகிய கார்னிஷ் என்பார் இடைவிடாது வாதாடினார். கூழ்ப்பானை வைத்த புண்ணியவான் ஒருவனும் இவற்றுள் ஒன்றையும் மாற்றும் வலியுடையன் அல்லன். பஞ்சத்திற் சாதல் தானியம் இன்மையால் மட்டும் அன்று, அதனைப் பெறும் வகையின்மையாலே ஆகும் என்று அமர்த்தியா சென் 1981-இல் நூலெழுதி நாட்டினார். அவ்வுண்மையை நம் முன்னோர் இருப்புப்பாதை ஓரத்தில் நின்று கண்டிருந்தனர்.

பின்னர்ப் பஞ்சத்தை விலக்கியது யாது? 1880-இற் பஞ்ச விசாரணைக் குழுவினர் அறிக்கை தந்தனர். 1883-இற் பஞ்ச காலத்து அரசு செய்யவேண்டுவன விதிகளாகத் தொகுக்கப்பட்டன. 1934-இல் மேட்டூர் அணை முடிந்தது. விடுதலையின் பின்னர் நியாயவிலைக் கடையும், 1956-இற் காமராசர் தொடங்கிய பகலுணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். விரித்த சத்துணவும், 2022-இல் வந்த காலையுணவும் ஆகிய இவையெல்லாம் படிப்படியாக அமைந்தன. இவற்றைத் தானமென்று கூறுதல் பொருந்தாது. இவை எல்லாரும் இறுத்த வரிப்பொருளால் எல்லாரும் செய்யும் கடன். கொடுப்பவன் முகம் இங்கே தோன்றுவதில்லை. ஆதலால் உண்ணும் பிள்ளை எவர்க்கும் தலை வணங்கவேண்டுவதில்லை. எம் கருத்தில் அப்பிள்ளையின் நிமிர்ந்த தலையே அவ்வுணவின் பெருஞ் சிறப்பாகும்.

உலகளவில் நோக்கினாலோ நிலை வேறு. ஐக்கிய நாட்டு அமைப்புக்களின் கணக்குப்படி 2023-இற் பசித்திருந்தோர் ஏறக்குறைய 73 கோடிப் பேர். உலகில் விளையும் உணவு உலகத்தார்க்குப் போதாதென்பது இதற்குக் காரணமன்று. ஆதலின் முதல் வினாவுக்கு விடை கூறிவிடலாம். தனியொருவர் ஈகையால் உலகத் துயர் ஒழியாது. இதுவரை ஒழிந்ததும் இல்லை.

இவ்விடையைக் கேட்டவுடன் சைவருட் சிலர் மகிழ்ந்து, “அப்படியாயின் அது அவரவர் கன்மம், பிராரத்தத்தை யார் தடுக்க வல்லார்?” என்று எளிதிற் கைகழுவி விடுவர். இதனைச் சித்தாந்தம் என்று அவர் கருதுகின்றனர். இது சித்தாந்தமன்று, சோம்பல் சித்தாந்தச் சட்டை போட்டுக்கொண்டு வந்தது. வினை உண்டென்பதும், அதன் பயனை இறைவன் கூட்டுவிக்கின்றான் என்பதும் நமக்கு உடன்பாடே. ஆனால் துன்பமாகிய பயன் பிறவுயிர்களின் வாயிலாக வருவது போலவே இன்பமாகிய பயனும் பிறவுயிர்களின் வாயிலாகவே வருகின்றது. பசித்தவனுக்கு யான் இடும் சோறு அவன் பிராரத்தத்தைத் தடுக்கும் பகையன்று. அதுவே அவன் பிராரத்தம் என்பால் வந்து சேர்ந்த வகையாகவும் இருக்கலாம். அவன் வினைக்கணக்கு என் கையில் இல்லை. என் கையில் உள்ளது என் ஆகாமியம் ஒன்றே. இடாது ஒழிந்தேனாயின் அவனுக்கு வருவது பிறிதொரு வாயிலால் வரும். எனக்கு ஏறுவது வன்கண்மை. கன்மம் என்பது ஒருவன் தன் துன்பத்துக்குத் தானே கூறிக்கொண்டு ஆறுதற்குரிய விடை. பிறன் துன்பத்துக்கு நாம் எடுத்துக் கூறும் விடையாக அதனை ஆசிரியன்மார் நமக்குத் தரவில்லை.

இதற்குச் சான்று தேடித் தொலைவு போகவேண்டா. திருஞானசம்பந்தப் பிள்ளையார் கொங்குநாட்டில் எழுந்தருளிக் கொடிமாடச் செங்குன்றூரில், அஃதாவது நம் திருச்செங்கோட்டில், தங்கியிருந்தபோது உடன்வந்த அடியார்களைப் பனிக்காலத்துக் குளிர்சுரம் பற்றியது. இது இந்நாட்டுத் தட்பவெப்பத்தின் இயல்பு என்றும், அவரவர் வினை என்றும் பிள்ளையார் வாளாவிருக்கவில்லை. திருநீலகண்டத் திருப்பதிகம் பாடியருளினார். வினையின் பெயர் சொல்லி முயற்சியின்றி இருத்தலை இழுக்கென்று கடிவதே அப்பதிகத்தின் தொடக்கம் என்பதை ஓதுவாரெல்லாம் அறிவர். சுரம் அடியார்களை விட்டு நீங்கியது. அந்நாட்டையே விட்டும் நீங்கியது என்று புராணம் கூறும். தம்முடன் வந்தார் பிழைத்தாற் போதுமென்னும் எல்லை அங்கே வைக்கப்படவில்லை.

தாது வருடத்துக்கே மீள்வோம். அப்பஞ்சம் தமிழகத்தோடு நிற்கவில்லை. 1876, 1877-ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திலும் பஞ்சமும் வாந்திபேதியும் ஒருங்கே வந்தன. அப்போது ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் பொருளுடையாரிடம் பொருள் திரட்டிக் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார்கள். அவர்கள் செய்தது அம்மட்டோடு அமைந்திருப்பின் அது பலருஞ் செய்த அறங்களுள் ஒன்றாய் முடிந்திருக்கும். அவர்களோ ஒருபுறம் கஞ்சி வார்த்துக்கொண்டே, மறுபுறம் அரசாங்க அதிபராகிய துவைனம் துரையின் நிருவாகத்தைக் கண்டித்து எழுதினார்கள். கஞ்சி எதனால் வேண்டியதாயிற்று என்று கேட்கும் வாயும் கஞ்சி வார்க்கும் கையும் ஒருவர்க்கே இருந்தன. இக்காலத்து நாம் இவ்விரண்டையும் பிரித்து வைத்துவிட்டோம். வார்ப்பவர் கேட்பதில்லை, கேட்பவர் வார்ப்பதில்லை. நாவலரவர்களைப் பதிப்பாசிரியராகவும் கண்டனகாரராகவும் மட்டும் போற்றுவோர் இப்பகுதியையும் சற்றே நோக்குவாராக.

நாவலரவர்கட்கும் வடலூர் இராமலிங்க அடிகட்கும் இருந்த பிணக்கு யாவரும் அறிந்தது. அது ஈண்டு வேண்டா. பசித்தவன் முன்னே இருவரும் செய்தது ஒன்றே: அடுப்பு மூட்டினர். வடலூர்த் தருமசாலையில் 1867 மே 23-ஆம் நாள் மூட்டிய அடுப்பு இன்றுகாறும் அணையவில்லை என்று அன்பர்கள் வியந்து போற்றுகின்றனர். போற்றத்தக்கதே. ஆனால் அவ்வடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே தாது வருடமும் வந்தது. அது அணையாமைக்கு அடிகளின் அருளோடு, பசித்தார் வரவு இன்னும் அற்றுப்போகாமையும் ஒரு காரணம் என்பதை நினைக்குந்தோறும் எமக்கு வியப்போடு வேறொன்றும் கலந்து வருகின்றது.

இனி வினாவின் பின்பாதிக்கு வருவோம். நம் சுகத்தினின்றும் எடுத்துக் கொடுக்கும் கொடை எத்தன்மைத்து? எம் வீட்டு மேல்மாடியினின்று கிழக்கே நோக்கினாற் கொல்லிமலை தெரியும். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரியின் மலை அது. ஆடித்திங்களில் அவனுக்கு விழா எடுக்கின்றனர். அவ்வோரியைப் போரிற் கொன்று இம்மலையைச் சேரனுக்குக் கொடுத்தவன் யார் எனின், திருக்கோவலூர் மலையமான் காரி. அவனும் எழுவருள் ஒருவன்! அக்காரியின் கோவலூரை அழித்தவன் தகடூர் அதியமான். அவனும் எழுவருள் ஒருவனே! பள்ளிப்பிள்ளைகட்கு எழுவர் பெயரை மனப்பாடஞ் செய்விக்கும் நாம் இதனைச் சொல்லாது விடுகின்றோம். பரிசிலாகத் தந்த யானையும் பொன்னும் எவ்வூரை எரித்துக் கொணரப்பட்டன என்று பாணர் கேட்டதில்லை. கேட்டிருந்தாற் பரிசில் கிடைத்திராது.

பழங்கதையைப் பேசுவதினும் நம்முடையதைப் பேசுதல் நன்று. சத்துணவுக்குச் செல்லும் முட்டைகளிற் பெரும்பகுதி இந்நாமக்கல் வட்டாரத்தது. கூண்டுகளில் இறகு விரிக்கவும் இடமின்றி நிற்கும் கோழிகளால் வந்த செல்வம், கோயிற் பந்தியிற் சர்க்கரைப் பொங்கலாகின்றது. கொல்லாமை நோன்புடைய சைவன் இதனை எண்ணும்போது இலைமுன் அமர்ந்து சற்றே தயங்குவான். அதேபோது, மெலிந்த பிள்ளையின் தட்டில் விழும் அம்முட்டையை எடுத்துவிடு என்று சொல்லுதற்கும் எமக்கு வாய் வரவில்லை. எம் கதையோ எனின், யாம் காவிரிக் கரையில் ஒரு திருமடத்தின் சோறுண்டு தமிழ் கற்றோம். அச்சோறு எங்கிருந்து வந்தது? சேற்றில் நின்று நட்டோர் அளந்த குத்தகை நெல்லினின்று வந்தது. தானத்தின் வேரைத் தோண்டிக்கொண்டே போனால் எவ்விடத்தும் பிறருடைய உழைப்போ பிறருடைய வருத்தமோ தட்டுப்படாமல் இருப்பதில்லை. ‘என்னுடையதைக் கொடுத்தேன்’ என்னும் சொல் அவ்விடத்தே பொருளற்றதாகின்றது. ஆணவமலம் மறைந்திருத்தற்கு அச்சொல்லினும் வாய்ப்பான இடம் வேறில்லை. அண்டாவின் கழுத்தில் உபயகாரர் பெயரை வெட்டுவது யாருடைய பசிக்காக?

மேனாட்டு மெய்யியலறிஞர் பீட்டர் சிங்கர் என்பார் 1972-இல், கிழக்கு வங்காளத்து ஏதிலியர் துயரைக் கண்டு ஒரு கட்டுரை வரைந்தார். ஆழமில்லாக் குளத்தில் ஒரு குழந்தை முழுகக் கண்டால் உடை சேறாகுமென்று அஞ்சி நிற்போமா. அங்ஙனமாயின் தொலைநாட்டிற் சாகும் குழந்தைக்கு மட்டும் நம் உடையின் விலையை ஏன் கொடுக்கத் தயங்குகின்றோம் என்பது அவர் வாதம். வாதம் வலியது, தொலைவு அறத்தைக் குறைக்காது என்பதில் யாம் அவரோடு ஒன்றுபடுகின்றோம். ஆனால் அவர் எவ்வளவு கொடுப்பது என்பதையே அளக்கின்றார். நம் நூலார் கொடுப்பவன் என் ஆகின்றான் என்பதையும் உடன் அளப்பர். பயன் கருதிச் செய்யும் நல்வினையும் விலங்கே; இரும்பு விலங்கு பொன்விலங்காயிற்று என்னும் அளவே வேற்றுமை. பசுபுண்ணியம் போகத்தைத் தந்து தேய்ந்தொழியும். சிவபுண்ணியமே ஞானத்துக்கு வழியாகும். இதனை நம்மவர் நன்கு படித்திருக்கின்றனர். ஒன்று மட்டும் சொல்லவேண்டும்: சோறிட்டவன் புண்ணியம் எவ்வகைத்து என்பதைப் பசித்தவன் வயிறு கேட்பதில்லை. தன் புண்ணியம் தூயதாகும்வரை சோறிடுதலை நிறுத்தி வைப்பேன் என்பவன் பெரிய ஞானி போலத் தோன்றலாம். அவன் வாயிலில் நிற்பவன் நிற்கவேண்டியதுதான்.

இளையான்குடிமாற நாயனார் வளத்தோடு இருந்த நாளில் அடியார்க்கு அறுசுவை உணவிட்டார். அது புராணத்திற் சுருக்கமாகவே வருகின்றது. வறுமை வந்தபின், நள்ளிரவில் மழையில் வந்த ஒருவர்க்காக வயலில் விதைத்த நெல்லை வாரிவந்ததும், கூரையின் மரத்தை அறுத்து அடுப்பெரித்ததும், குழியிலிருந்த கீரையைப் பறித்துக் கறியாக்கியதும் விரிவாக வருகின்றன. அவர் மனைவியார் அத்தனையும் ஒரு சொல் முகங்கோணாது சமைத்தார். சேக்கிழார் பெருமான் எவ்விடத்தில் நின்று பார்த்தார் என்பது இதனால் விளங்கும். இவ்விருந்தால் நாட்டின் வறுமை நீங்கிற்று என்று அவர் ஓரிடத்தும் கூறவில்லை. நாமும் நம் கூரையை அறுக்க வேண்டுமென்று யாம் கூற வரவில்லை. அது சொல்லுதற்கு எளிது. சுகத்தில் ஒரு கீறலும் விழாதபடி கொடுக்கும் கொடையை அக்கூரையின் அருகே வைத்துப் பார்த்தல் நன்றென்கின்றாம்.

திருவீழிமிழலையில் அப்பரும் சம்பந்தரும் தங்கியிருந்தபோது அங்கும் பஞ்சம் வந்தது. கதவடைக்கவும், என்பைப் பெண்ணாக்கவும், நஞ்சினின்று உய்யவும் வல்ல அருளாளர் இருவர் ஓரூரில் இருந்தனர். மழையைப் பெய்விக்க அவர் பாடினாரல்லர். காலத்தின் தீமை உங்களைத் தீண்டாதாயினும் உங்களை வழிபடுவார் வாட்டம் தீர்தற்பொருட்டுத் தருகின்றோம் என்று இறைவன் கனவில் அருளி, கிழக்குப் பீடத்தில் ஒரு காசும் மேற்குப் பீடத்தில் ஒரு காசும் நாள்தோறும் வைத்தான். நாளொன்றுக்கு ஒரு காசு, அவ்வளவே. அதனைக் கொண்டு இரு திருமடங்களிலும் பறை சாற்றி அடியார்க்கு உணவிட்டனர். அப்பர் மடத்தில் உணவு காலத்தே முடிந்தது. பிள்ளையார் மடத்திற் பொழுது தாழ்ந்தது. பிள்ளையார் காரணம் வினவ, அவர் பெற்ற காசுக்குக் கடையிற் வட்டங் கழிக்கின்றனர், அப்பர் பெற்ற காசு கழிவின்றிச் செல்கின்றது என்றனர் மடத்துப் பணி செய்வோர். அப்பர் உழவாரம் ஏந்திக் கைத்தொண்டு செய்தலின் அவர்க்கு வாசியில்லாக் காசு கிடைத்தது என்பது சேக்கிழார் கூறும் காரணம். பிள்ளையாரை ஒருபடி குறைத்தற்கு அது கூறப்பட்டதன்று. அவர் சிவனார் திருமகனார் ஆதலின் அவர்க்கு அங்ஙனம் கிடைத்தது. ஆயினும், உழைத்த கையின் காசு ஒன்றும் கழியாமற் பசித்தவன் இலைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதனை, ஓய்வூதியக் காசை எண்ணிக் கொடுக்கும் யாம் பலமுறை படித்தும் படித்தபடியே கடந்து போக இயலவில்லை. பிள்ளையார் தம் காசின் வாசி தீரும்படி பாடினார், தீர்ந்தது. மறுநாள் முதல் அவர் மடத்திலும் உணவு காலத்தே முடிந்தது. பஞ்சம் அப்போதும் தீர்ந்தபாடில்லை. அன்றன்றைக்கு ஒவ்வொரு காசாக இருவரும் பெற்று, மழை வருமளவும் பறை சாற்றி இலையிட்டுக்கொண்டிருந்தனர். மழை பின்னர் வந்தது.

திருச்சிற்றம்பலம்